வேதச் சொல்லும் சபையின் செவியும்

மும்பையிலோ பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ ஞாயிறு காலையில் கூடுகின்ற ஒரு தமிழ்ச் சபையை நாம் எண்ணிப் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே இருப்பர்; தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தார் சிலர் இருப்பர்; கத்தோலிக்க வீட்டில் பிறந்து, மணத்தால் இங்கு வந்து சேர்ந்த மருமகளும் இருப்பாள். ஊரில் வெவ்வேறு கோயில்களுக்குச் சென்றவர்கள், பிழைப்பின் பொருட்டு வந்த இடத்தில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கின்றனர். வேதபாடம் வாசிக்கப்படுகின்றது. வாசிப்பவர் கையிலுள்ள நூல் ‘தேவன்’ என்கிறது. அடுத்த வரிசையில் இருக்கும் கல்லூரி மாணவி விரித்து வைத்திருக்கும் நூல் ‘கடவுள்’ என்கிறது. பாட்டியார் பெட்டியிலிருந்து எடுத்துவந்த பழம்பிரதியோ ‘பராபரன்’ என்கிறது. மூவரும் பார்ப்பது ஒரே அதிகாரத்தைத்தான்.

வேதத்திற்குப் பொருள் கூறுதல் என்றவுடன் பிரசங்க மேடையும் இறையியல் கல்லூரியுமே நம் நினைவுக்கு வரும். தமிழைப் பொறுத்தவரை அந்தப் பணி மேடைக்கு வெகு முன்னரே, மொழிபெயர்ப்பவர் எழுதுகோலை எடுத்த அன்றே, தொடங்கிவிட்டது. எச்சொல்லை எடுப்பது, எச்சொல்லை விடுப்பது என்று அவர் செய்த முடிவே சபையின் போதனையாகவும் செபமாகவும் ஆறுதலாகவும் பின்னர் மாறிற்று. நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான அவ்வரலாற்றைச் சில சொற்களின் வழியே ஈண்டுக் காண்போம்.

இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் முதன்முதலாக அச்சான நூல் தமிழ் நூலே என்பது நேயர்களுள் பலர் அறிந்த செய்தி. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் அது. முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே நெடுங்காலம் பணிபுரிந்த அன்றிக்கு அன்றீக்கசு அடிகளார், போர்த்துகீசிய மொழியிலிருந்த மறைக்கல்வி நூலைத் தமிழாக்கினார். அதன் தலைப்பிலேயே முதல் முடிவு தெரிகின்றது. இறைவனைக் குறிக்க அவர் எடுத்த சொல் ‘தம்பிரான்’. மக்கள் வாயில் வழங்கிய இனிய சொல்தான். ஆயின், மடத்துத் துறவியரையும் குறிக்கும் சொல்லாக அது வழங்கியதால், எல்லாவற்றிற்கும் மேலான ஒருவனை அது காட்டுமோ என்ற ஐயம் எழக்கூடும். வேறு சில கருத்துகளுக்குத் தமிழ்ச் சொல் தேடவே அக்காலத்தார் அஞ்சினர். தூய ஆவியை ‘இஸ்பிரித்து சாந்து’ என்று போர்த்துகீசியச் சொல்லாலேயே வழங்கினர். தெரிந்த சொல்லைக் கையாண்டால் பழைய பொருள் கூடவே வந்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆனால் பொருளே விளங்காத சொல்லால் செபிப்பவன் எதை வேண்டுகிறான் என்ற வினாவும் உடன் எழுந்தது.

அவ்வினாவுக்குத் துணிந்து விடை கூறியவர் 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் இராபர்ட் தெ நோபிலி. ‘தத்துவ போதகர்’ என்று தமிழர் அழைத்த அவர், இந்நாட்டுச் சமயச் சொற்களையே எடுத்துக் கிறிஸ்தவப் பொருளை அவற்றில் பெய்தார். இறைவன் ‘சர்வேசுரன்’ ஆனான், வழிபாட்டிடம் கோயிலாயிற்று, வழிபாடு பூசையாயிற்று, மறைநூல் வேதமாயிற்று. அவர் காட்டிய வழி எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பிற்காலத்தில் அவருடைய சபைக்கு முற்றிலும் மாறான புரொட்டஸ்டண்டுகள்கூடத் தங்கள் நூலுக்கு ‘வேதாகமம்’ என்றே பெயர் வைத்தனர். வேதம் ஒன்று, ஆகமம் ஒன்று; சைவப் பெரியோர் இரண்டென எண்ணிப் போற்றிய சொற்களை ஒன்றாகச் சேர்த்த பெயர் அது!

பெயர்களிலும் இம்முயற்சி தொடர்ந்தது. கத்தோலிக்கர் பவுலைச் ‘சின்னப்பர்’ என்றனர். அவருடைய இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருள். இறைவனின் அருளைக் குறிக்கும் பெயருடைய யோவான் ‘அருளப்பர்’ ஆனார். பேதுரு ‘இராயப்பர்’ ஆனார். பாறை என்ற பொருள் பற்றியே அப்பெயர் அமைந்தது என்பர். வீரமாமுனிவர் தம் ‘தேம்பாவணி’யில் சூசையப்பரை ‘வளன்’ என்றழைத்ததும் இந்த நெறியினாலேயே. இன்றைக்கும் ஒரே தெருவில் இராயப்பன் ஒருவரும் பேதுரு ஒருவரும் வாழ்கின்றனர். இருவரும் ஒரே அடியாரின் பெயரைத் தாங்கியவர்கள் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரிவதில்லை. சில வேளைகளில் அவர்களுக்கே தெரிவதில்லை.

1706 சூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செர்மானியர் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் முழுதாக அச்சேற்றினார். 1714-இல் தொடங்கிய அச்சு 1715-இல் முடிந்தது. சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர் அவர். இறைவனைக் குறிக்க அவரும் கத்தோலிக்கர் வழங்கிய ‘சருவேசுரன்’ என்ற சொல்லையே எடுத்தாண்டார். தரங்கம்பாடித் தமிழை வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார். தமிழறிவில் முனிவர் மலை, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்தச் சச்சரவில் ஒன்றை நாம் மறக்கலாகாது. முனிவர் தமிழ்ப் புலவர் அவையை நோக்கி எழுதினார். தரங்கம்பாடியாரோ ஒவ்வொரு விசுவாசியும் தன் கையால் எடுத்துத் தானே வாசிக்கவேண்டிய நூலை அச்சிட்டனர். நோக்கம் வேறாகவே நடையும் வேறாயிற்று.

அடுத்து வந்த பப்ரிசியஸ் பெரும்பாலும் சென்னை வேப்பேரியில் வாழ்ந்தவர். தாம் எழுதியதைக் கற்றாருக்கும் கல்லாருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் செவி ஏற்றதையே நிறுத்தினார் என்று கூறுவர். 1772-இல் வெளிவந்த அவருடைய புதிய ஏற்பாட்டை ‘பொன் மொழிபெயர்ப்பு’ என்று பின்வந்தோர் போற்றினர். அவர் ‘சருவேசுரனை’ விடுத்துப் ‘பராபரன்’ என்ற சொல்லைக் கொண்டார். மேலானவற்றிற்கெல்லாம் மேலானவன் என்ற பொருள் அதில் இருந்தது. ஈசுரன் என்ற பெயரின் சாயல் இல்லை. தாயகத்திற்கு வெளியே வாழும் நமக்கு ஒரு செய்தியை இடையே சொல்லலாம். வங்காளத்துச் சீராம்பூரில் 1813-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. முதல் தமிழ் அச்சு நூல் கொல்லத்தில் பிறந்ததையும் சேர்த்து எண்ணினால், தமிழ்க் கிறிஸ்தவ நூல்களின் வரலாற்றில் பாதி வேற்றூர்களில்தான் நிகழ்ந்ததோ என்று தோன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கு முற்றியது. பாளையங்கோட்டையிலிருந்த இரேனியுஸ் மூலத்தின் சொல்லைவிடத் தமிழின் போக்கே முதன்மையானது என்று வாதிட்டார். அதற்கென 1827-இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், சைவப் பெரியாரான ஆறுமுக நாவலரின் துணையோடு மொழிபெயர்த்த வேதாகமம் 1850-இல் சென்னையில் அச்சாயிற்று. சைவர் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்க உதவினார் என்பதை இன்று கேட்பவர் வியப்பர். நாவலரின் தமிழுக்குக் குறை கூறியவர் இலர். ஆனால் தென்னாட்டுச் சபைகள் அதனை ஏற்கவில்லை. தாம் மனப்பாடமாக அறிந்திருந்த சொற்கள் அதில் இல்லை என்பதே அவர்களுடைய குறை. இலக்கணம் வென்ற இடத்தில் செவி தோற்க மறுத்தது.

இறுதியில் என்றி பவர் தலைமையில் அமைந்த குழு, பப்ரிசியஸின் நூலையே அடிப்படையாகக் கொண்டு, மற்றவற்றையும் ஒப்பிட்டு, 1871-இல் முழு வேதாகமத்தை வெளியிட்டது. இன்றளவும் தமிழ்ப் புரொட்டஸ்டண்டு சபைகளுள் மிகப் பெரும்பாலானவை கையாள்வது இந்நூலையே. இதில் இறைவன் ‘தேவன்’ ஆனான். இச்சொல்லுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தேவன் என்றால் தேவர் என்ற பன்மை உண்டு. தேவி என்ற பெண்பால் உண்டு. வானுலகத்தார் பலருள் ஒருவன் என்ற எண்ணமும் உண்டு. லுத்தரன் சபையார் பலர் ‘பராபரனை’ விட மனமின்றிப் பப்ரிசியஸின் நூலையே தொடர்ந்து வாசித்துவந்தனர். அவர்களைப் பழைமைப் பித்தர் என்று சிலர் கருதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. தாம் வணங்கும் ஒருவனின் பெயரை ஒரு குழு மாற்றிவிட்டால், ‘சரி’ என்று மறுநாளே நாவை மாற்றிக்கொள்ள யாரால் இயலும்?

இதுவரை கண்டவை பெயர்ச்சொற்கள். இவற்றினும் நுட்பமான ஓர் இடம் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் ‘நீ’ என்றும் ‘நீர்’ என்றும் வேறுபாடு இல்லை. ‘அவன்’ என்றும் ‘அவர்’ என்றும் இல்லை. தமிழிலோ ஒருவரைச் சுட்டும்போதே அவருடைய தரத்தையும் சொல்லியாக வேண்டும். ஆகவே மூலம் மௌனமாயிருக்கும் இடத்தில் தமிழ் பேசித் தீரவேண்டியதாயிற்று. 1871-ஆம் ஆண்டின் நூலில், விசாரணை மண்டபத்துப் பிலாத்து இயேசுவை ‘நீ’ என்கிறான்; கிணற்றடியில் சமாரியப் பெண் அவரையே ‘நீர்’ என்கிறாள். அதிகாரியின் செருக்கும் அப்பெண்ணின் பணிவும் மொழிபெயர்த்தவரின் உரையே ஆகும். அந்நூலில் இயேசு பெரும்பாலும் ‘அவர்’, சீடர்கள் ‘அவன்’, நோய் நீங்கியவன் ‘அவன்’, சமாரியப் பெண் ‘அவள்’.

அக்காலத் தமிழுக்கு இது இயல்பே. ஆயின், யாரை ‘அவர்’ என்பது, யாரை ‘அவன்’ என்பது என்னும் கேள்வியில் சாதியும் செல்வமும் எவ்வளவு பிணைந்திருந்தன என்பதை நாம் அறிவோம். ஊரில் எழுபது வயதிலும் ‘அவன்’ என்றே சுட்டப்பட்ட பெரியவர்கள் அமர்ந்திருந்த சபைகள் பல. மீனவனான பேதுருவும், வழியோரத்துக் குருடனும், பாவியென்று ஊரார் தள்ளிய பெண்ணும் அந்தச் செவிகளில் எவ்வாறு விழுந்தனர்? 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட ‘திருவிவிலியம்’ சீடர்களையும் பெண்களையும் ‘அவர்’ என்றே சுட்டியது. எழுத்தளவில் சிறு மாற்றந்தான். மானத்தை இழந்து வாழ்ந்த மக்களிடையே பணிபுரியும் போதகருக்கு அது ஒரு முழுப் பிரசங்கத்திற்கு ஈடானது.

தமிழிலுள்ள மற்றொரு வளம் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். நீக்கிச் சொன்னால் நாங்கள். கிரேக்கத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். மலையின்மேல் இயேசு ஒளியுருவாய் மாறிய காட்சியில், இங்கேயே தங்கிவிடலாம் என்று பேதுரு சொல்லும்போது 1871-ஆம் ஆண்டின் நூல் ‘நாம்’ என்கிறது. கடலில் புயல் மோதிப் படகு அமிழும் வேளையில், உறங்கும் இயேசுவை எழுப்பி, அழிந்துபோகிறோமே என்று சீடர்கள் கதறுமிடத்தில் அதே நூல் ‘நாங்கள்’ என்கிறது. மகிமையில் அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள் ஆபத்தில் அவரைத் தனியே நிறுத்திவிட்டனர்! அவரும் அதே படகில்தானே இருந்தார்? அவர் அழிய மாட்டார் என்ற நம்பிக்கையால் ‘நாங்கள்’ என்றனரா, எங்களைப் பற்றிக் கவலையில்லாதவர் என்ற தாங்கலால் அப்படிச் சொன்னரா? ஆங்கிலத்திலோ செர்மன் மொழியிலோ வேதம் படிப்பவனுக்கு இக்கேள்வி எழவே வழியில்லை. தமிழ்ப் போதகருக்கு எழுகின்றது. எழுப்பியவர் ஊர் பேர் தெரியாத ஒரு தமிழ்த் துணையாசிரியராகவும் இருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் திருத்தம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. அப்பொறுப்பை ஏற்றவர் டென்மார்க்கு நாட்டவரான லார்சன். 1910-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல் தலைவராக இருந்தவர். அவருக்கு உறுதுணையாக நின்றவர் ஜி. எஸ். துரைசாமி. 1936-இல் முழுமையாக வெளிவந்த அத்திருத்தத்தில் இறைவனைக் குறிக்கக் ‘கடவுள்’ என்ற சொல் வந்தது. கடந்தும் உள்ளும் நிற்பவர் என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவாருண்டு. தேவி என்பதுபோன்ற பெண்பால் இணை அதற்கில்லை. அறிஞர் பாராட்டினர். சபைகளோ பெரும்பாலும் பழைய நூலையே மீண்டும் கையிலெடுத்தன. நாவலரின் நூலுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது எனலாம்.

கத்தோலிக்கரிடத்தில் நிலைமை வேறாயிருந்தது. 1963 திசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. அதுவரை பலிபீடத்தில் ஒலித்தது இலத்தீன். அதன் பின்னர் சில ஆண்டுகளுக்குள் ‘சர்வேசுரன்’ போய் ‘இறைவன்’ வந்தார். ‘பூசை’ போய்த் ‘திருப்பலி’ வந்தது. ‘சேசு’ ‘இயேசு’ ஆனார். ‘இஸ்பிரித்து சாந்து’ ‘தூய ஆவி’ ஆயிற்று. அங்கே இவ்வளவு விரைவில் இயன்றது புரொட்டஸ்டண்டு சபையில் ஏன் இயலவில்லை? கோட்பாட்டில் விடை தேட வேண்டியதில்லை. கத்தோலிக்கர் வேதத்தைப் பெரும்பாலும் கோயிலில் கேட்டனர். மாற்றம் பீடத்திலிருந்து வந்தது. புரொட்டஸ்டண்டு வீட்டிலோ வேதாகமம் தலைமாட்டில் இருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் மனனம் செய்த வசனம் அறுபது ஆண்டு கழித்து மருத்துவமனைக் கட்டிலில் நாவில் வரும். அது எந்தச் சொல்லில் படித்ததோ அந்தச் சொல்லிலேயே வரும்.

இதில் போதகருக்கு நேரும் இக்கட்டு ஒன்றைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றும் நிலைத்திருப்பவை எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். 1871-ஆம் ஆண்டின் நூலில் அவை இப்பெயர்களிலேயே உள்ளன. விசுவாசம் என்பது இறைவனைச் சார்ந்து நிற்றல். நம்பிக்கை என்பது வரப்போகும் நன்மையை எதிர்பார்த்திருத்தல். ஆனால் நாட்டு வழக்கில் ‘விசுவாசம்’ என்ற சொல் எசமானிடம் வேலையாள் காட்டும் உண்மையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. நாயின் குணத்தைப் பாராட்டவும் அதையே சொல்கிறோம். ஆகவே 1995-ஆம் ஆண்டின் நூல் முதலாவதை ‘நம்பிக்கை’ என்றும், இரண்டாவதை ‘எதிர்நோக்கு’ என்றும் மாற்றியது. அறிவுக்குப் பொருத்தமான மாற்றமே. விளைவு யாதெனில், ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் ஒரு நூலில் இரண்டாவதையும் மற்றொன்றில் முதலாவதையும் குறிக்கின்றது.

வேற்றூரில் ஓர் இளைஞன் விபத்தில் இறந்துவிடுகிறான். அடக்க ஆராதனையில் தாயின் முன் நின்று போதகர் ‘நம்பிக்கையோடிருங்கள்’ என்கிறார். பழைய நூலில் வளர்ந்த தாய்க்கு, மகனை மீண்டும் காண்பாய் என்ற ஆறுதலாக அது கேட்கிறது. புதிய நூலில் பயின்ற தங்கைக்கோ, இந்நிலையிலும் இறைவனை ஐயுறாதே என்ற அறிவுரையாகக் கேட்கிறது. ஒன்று கண்ணீரைத் துடைப்பது. மற்றொன்று அழுபவளின் மனத்தைச் சோதிப்பது போலவும் ஆகிவிடக்கூடும். அங்கே அகராதி பயன்படாது. எவர் எந்தச் சொல்லில் வளர்ந்தவர் என்பதை அறிந்த போதகரே, அத்தாயிடம் எதைச் சொல்வது என்பதை அறிவார்.

ஊரிலுள்ள சபையில் இது அவ்வளவு கடினமன்று. பெரும்பாலும் எல்லாரும் ஒரே நூலில் வளர்ந்தவர்கள். நாம் வாழும் நகரங்களின் தமிழ்ச் சபைகளில் ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு மரபு. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பல சபைகள் ஒன்றாயின. எனினும் லுத்தரன் சபையார் தனியே நின்றனர். ஆங்கே ஆவணங்களால் கூடாதது, இடமும் போதகரும் போதாமையால் வெளியூர்களில் கூடியதுண்டு. அத்தகைய சபைகளில் போதகர் பாடத்தை ஒரு நூலிலிருந்து வாசித்து, முக்கியமான சொல் வரும்போது மற்றை நூலின் சொல்லையும் உடன் சொல்லிச் செல்கிறார். ‘கிருபை, அதாவது அருள்’, ‘இரட்சிப்பு, அதாவது மீட்பு’, ‘சுவிசேஷம், அதாவது நற்செய்தி’ என்று அவர் அடுக்குவதைக் கூறியது கூறல் என்று இலக்கணம் படித்தவர் குறை சொல்லலாம். தமிழெழுத்தை இனிமேல்தான் கற்கப்போகும் சிறுவன் அங்கிருக்கிறான். தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத அவன் பாட்டியும் இருக்கிறாள். அந்த ‘அதாவது’ இருவரையும் கருதியே வருகின்றது.

பாட்டு நேரத்தில் நிலைமை மாறிவிடும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். 1871-ஆம் ஆண்டின் நூலை அவர் கண்டதேயில்லை. அவர் காலத்துக் கீர்த்தனைகளில் பரனும் பராபரனும் அன்றிருந்தபடியே இருக்கின்றனர். எந்தத் திருத்தக் குழுவும் அவற்றைத் தொடவில்லை. தொட்டால் தாளம் கெடும், எதுகை கெடும். சற்றுமுன் ‘தேவன்’ என்று வாசித்தவரும், ‘கடவுள்’ என்று படித்த மாணவியும் எழுந்து நின்று, பாட்டியாரோடு சேர்ந்து ‘பராபரனே’ என்று பாடுகின்றனர்.